தண்ணீர் ஊற்றாத ஒன்பது கன்றுகள்

மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரைக் கண்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நம் நடைக்கூட்டத்தில் எல்லோரும் இதைக் கவனித்திருக்கிறீர்கள். போன வாரம் பர் துபாயில் க்ரீக் தண்ணீரோரமாக நடந்தபோது, சாலை நடுவில் வரிசையாக நட்டிருந்த கன்றுகளுக்கு நம்மூர்க்காரர் ஒருவர் குழாய் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சட்டென்று எதிர்ப்பக்கம் கடந்துவிட்டேன். "மரத்தோட உனக்கு என்னம்மா சண்டை?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்து மழுப்பினேன். அறுபதைத் தாண்டிய பிறகு மழுப்பி என்ன ஆகப்போகிறது? எழுதிவிடுகிறேன். படித்த பிறகு என்னோடு நடக்க வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

நாமெல்லாம் மணலில் வளர்ந்த பிள்ளைகள். உங்களில் பாதிப் பேர் துபாய் சத்வா, நான் சவூதியில் அல் கோபார். மரம் தானாக நிற்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. யாராவது தினமும் தண்ணீர் ஊற்றினால் நிற்கும், இரண்டு நாள் மறந்தால் போய்விடும், அவ்வளவுதான். எங்கள் பிளாட்டின் பால்கனியில் உம்மா நெய் டின்னில் ஒரு வேம்பு வளர்த்தார். அரிசி கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றுவது என் வேலை. ஒருமுறை மறந்துவிட்டேன், இலையெல்லாம் சுருண்டுபோனது. "வாயில்லாத உசுருக்குத் தண்ணி குடுக்க மறந்தவ, நாளைக்கு எனக்கு என்னத்தக் குடுப்பே?" என்று கேட்டார் உம்மா. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பது வயதில் அது என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வாப்பா அங்கே ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கையெழுத்தில்லாமல் ஒரு போல்ட்கூட அவர் கையை விட்டுப் போகாது. அந்த ஒழுங்கில் மயங்கிய வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர், கனடாவின் வடகோடியில் எரிவாயு தேடும் வேலைக்கு மாறிப்போனபோது, ஒரு குளிர்காலத்துக்கு வாப்பாவையும் கூப்பிட்டார். குடும்பத்தோடு வரலாம் என்றார். வாப்பா என் பள்ளிக்கூட அட்லஸைப் பிரித்து, பக்கத்தின் மேல் விளிம்பில் விரலை வைத்துக் காட்டினார். "அங்க மீன் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார் உம்மா.

மீன் கிடைத்தது. வேறெதுவும் நாங்கள் நினைத்த மாதிரி இல்லை. ரோடே இல்லாத ஊர். சின்ன விமானத்தில்தான் போய் இறங்க வேண்டும். அக்கரை புகை மாதிரித் தெரியும் அளவுக்கு அகலமான ஆறு, முழுக்க உறைந்து கிடந்தது. கரையோரம் நாற்பது மர வீடுகள். அவற்றின் பின்னால் ஒல்லி ஒல்லியான ஊசியிலை மரங்கள், கண்ணுக்கு எட்டிய வரை. பகல் வெளிச்சம் நாலைந்து மணி நேரம்தான், அதுவும் கடன் கேட்டு வந்தவன் மாதிரித் தயங்கித் தயங்கி வரும். வெளியே போனால் இமைமுடி ஒட்டிக்கொள்ளும், மூக்குக்குள் ஊசி குத்தும். குளிர் முற்றும் நாட்களில் ஆற்றுப் பனிக்கட்டி துப்பாக்கி வெடிப்பதுபோல் விரியும். ஒவ்வொரு வெடிக்கும் உம்மா ஓதிக்கொண்டே என் நெஞ்சில் ஊதுவார்.

அந்த மக்களை வாப்பா கடைசி வரைக்கும் எஸ்கிமோ என்றே சொன்னார். அவர்கள் எஸ்கிமோக்கள் இல்லை, காட்டையும் ஆற்றையும் நம்பி வாழ்கிற வேறு மக்கள் என்பது எனக்கே பெரியவளான பிறகுதான் தெரியும். ஒரு குளிர்காலம் முழுக்க அவர்கள் மீனைத் தின்றோம், அவர்கள் யாரென்று கேட்கவில்லை.

அவர்களில் இரண்டு பேரைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். இருவரும் அண்ணன் தம்பி. தம்பி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவர். ஆற்றில் துளை போட்டு இறைத்த தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பி, பனியில் ஓடும் ஸ்கூட்டரின் பின்னால் சறுக்கு வண்டியில் கட்டி இழுத்து வருவார். எங்கள் சமையலறை டிரம்மில் ஊற்றிவிட்டு, உம்மா தரும் ஏலக்காய் டீயைச் சத்தம் போட்டு உறிஞ்சுவார். கோபாரிலிருந்து கொண்டுபோன பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டு, கொட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வசந்தத்துல நடுவேன்" என்பார். என்னை 'மணல் பெண்ணே' என்றுதான் கூப்பிடுவார். "பனி உடையற அன்னைக்கு வந்து பாரு, மணல் பெண்ணே. மேல இருக்கிற எல்லாத்தையும் ஆறு அள்ளிக்கிட்டுப் போயிடும்" என்று அவர்தான் சொன்னார்.

அண்ணன் அதிகம் பேசமாட்டார். அவருக்கு நான் தடக்காரர் என்று எனக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். ஆற்றில் தடம் போடுவது அவர் பொறுப்பு. குளிர்காலத்தில் அந்த ஆறுதான் அவர்களுக்கு ரோடு. ஆனால் பனிக்கட்டி எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது. அடியில் நீரோட்டம் வேகமாக இருந்தால் மேலே மெல்லிசாகவே இருக்கும், அதன்மேல் பனித்தூள் மூடிவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எந்த இடம் தாங்கும் என்று தடக்காரர் கடப்பாரையால் தட்டிப் பார்த்து, காட்டிலிருந்து வெட்டி வந்த சின்னச் சின்ன மரங்களை வழி நெடுக நட்டுவைப்பார். அந்தப் பச்சை வரிசையை விட்டு விலகாமல் போனால் உயிரோடு வீடு போய்ச் சேரலாம். ஒவ்வொன்றையும் துளையில் நிறுத்தி, அடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார். ஐந்து நிமிஷத்தில் அது சிமெண்ட் போட்டதுபோல் இறுகிவிடும்.

இதெல்லாம் இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது என் கண்ணில் பட்டது ஒன்றுதான்: ஒருவர் மரக்கன்று நடுகிறார், தண்ணீர் ஊற்றுகிறார். ஜன்னல் வழியே உம்மாவுக்கும் காட்டினேன். "மாஷா அல்லாஹ், இந்தக் குளிர்லயும் மரம் வளக்குறாங்களே! எல்லாம் நம்ம வேம்பு மாதிரி பாவம்" என்றார் உம்மா. வாப்பாவுக்கு விஷயம் தெரியும். எஞ்சினியர் முதல் நாளே சொல்லியிருந்தாராம். ஆனால் டூட்டி விஷயத்தை வீட்டில் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

குளிர்காலத்தின் பின்பாதியில் ஒரு நாள். எங்கள் வீடு ஊரை விட்டுத் தள்ளி, ஆறு வளையும் இடத்தில் இருந்தது. அந்த வளைவில் பனி மெலிந்துவிட்டது என்று தடக்காரர் பழைய மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, தள்ளிப்போகும்படி புது வரிசை நட்டார். ஒன்பது கன்றுகள். வெறும் பனியில் குத்தி நிறுத்தினார். அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. தண்ணீர் ஊற்றாமலே போய்விட்டார். நான் ஜன்னலில் நின்று காத்திருந்தேன். அவர் திரும்பி வரவேயில்லை.

மறுநாள் காலையில் லேசாக வெளுத்ததும் பார்த்தேன். அந்த ஒன்பதும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. எப்படியும் வசந்தம் வந்தால் ஆறு அள்ளிக்கொண்டு போகப்போகிறது. பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினேன். இழுத்ததும் கையோடு வந்துவிட்டன. மூன்று நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசல் சுவரோரம் பனியில் ஊன்றி, டிரம்மிலிருந்து குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினேன். கடைசிக் கன்றுக்கு ஊற்றும்போது பனி கொட்டத் தொடங்கியது. உம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "எம் மவ தோட்டம் போட்டுட்டா" என்று என் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். எனக்கு ஒரு பேரீச்சம்பழம் கிடைத்தது.

மதியம் தம்பி ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த ஊரிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார். பனி கொட்டும்போது அங்கே வானமும் தரையும் ஒன்றாகிவிடும், பச்சை மரங்கள்தான் கண். வளைவில் பச்சை எதுவும் இல்லாததால் நேராக வந்துவிட்டார். மெலிந்த பனி உடைந்து ஸ்கூட்டர் ஆற்றுக்குள் போய்விட்டது. அவர் எப்படியோ கையூன்றி மேலே ஏறி, கரைப் பக்கம் தவழ்ந்திருக்கிறார். நனைந்த உடம்போடு அந்தக் குளிரில் எவ்வளவு நேரம் தாங்கும்? கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வாளியும் கடப்பாரையுமாக வந்த அண்ணன்தான் அவரைக் கண்டெடுத்தார்.

வாப்பா சேதி சொல்ல ஓடிவந்தார். வாசலில் அந்த வரிசையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"ஆரு நட்டது?"

"நாந்தான் வாப்பா. தண்ணியும் ஊத்திட்டேன்."

அவர் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். என் தண்ணீர் நன்றாக வேலை செய்திருந்தது, ஒன்றுகூட அசையவில்லை. ரம்பத்தைக் கொண்டுவந்து அடியோடு அறுத்தார். மேலே பனியை வாரிப் போட்டு மூடினார். அறுத்ததையெல்லாம் துண்டாக்கி அடுப்பில் திணித்தார். பிசின் வாசனை வீடு முழுக்கப் பரவியது. இன்றைக்கும் தரை துடைக்கும் பினாயிலில் பைன் வாசனை வந்தால் எனக்குக் குமட்டும்.

"புள்ள தெரியாமச் செஞ்சது. வாங்க, போய்ச் சொல்லிடுவோம்" என்றார் உம்மா.

"ஒனக்கு என்ன தெரியும்? கோபார்ல என் ரூம்ல இருந்தவன், மிஷின் ஒடஞ்சது என் தப்புதான்னு விசா குடுத்த கஃபீல்கிட்ட நேர்மையாப் போய்ச் சொன்னான். ஒரே வாரத்துல பாஸ்போர்ட்டக் கையில குடுத்து ஊருக்கு ஏத்திவிட்டான். இது மிஷின் இல்ல, உசுரு. ஒப்புக்கிட்டா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது." என் பக்கம் திரும்பினார். "நீ ஆத்துப் பக்கமே போவல. ஆரு கேட்டாலும் மாஃபி, ஒண்ணும் இல்ல. வெளங்குதா?"

விளங்கியது. நம் எல்லோர் வீட்டிலும் கேட்ட பாடம்தானே. கேள்வி எதுவானாலும் இல்லை என்று சொல், கதவு தட்டினால் மெதுவாகப் பேசு, நாம் விருந்தாளிகள். வாப்பா கெட்டவர் இல்லை. பயந்தவர். அந்தப் பயத்தைப் பெட்டியில் மடித்துவைத்து அந்த ஊர் வரைக்கும் கொண்டுவந்திருந்தார்.

இரண்டு நாள் கல்லறைப் பக்கம் புகை எழுந்தது. உறைந்த மண் தோண்ட வராது, அதனால் நெருப்பு மூட்டி மண்ணை இளக்குகிறார்கள். உம்மாவோ உடம்பைத்தான் எரிக்கிறார்கள் என்று நினைத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டு அழுதார். "எங்கையால டீ குடிச்ச புள்ள" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அடக்கம் முடிந்து ஊர்ப் பொதுக்கூடத்தில் சாப்பாடு. நாங்களும் போனோம். ஊர்த்தலைவர் எழுந்து நின்று பேசியதை எஞ்சினியர் எங்களுக்கு விளக்கினார். "வளைவில் மரங்கள் இல்லை. அதைப் பற்றித் தெரிந்தவர் யாராவது இருந்தால் இங்கே சொல்லட்டும். சொன்னதை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போவோம். வெளியே யாரும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது." அது அவர்கள் வழக்கமாம். வாப்பாவின் கை என் முழங்காலை அழுத்தியது. வீட்டுக்கு வந்ததும், "போலீஸும் மொதல்ல இப்படித்தான் இனிப்பாப் பேசுவான்" என்றார்.

யாரும் எழுந்திருக்காததால் தடக்காரர் எழுந்தார். "நான் தண்ணீர் ஊற்றவில்லை. காற்று கொண்டுபோயிருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு தட்டில் மீன் வைத்து, முன்வரிசையில் இருந்த தன் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டை வாங்கி, அப்படியே பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்திவிட்டார். எனக்கு ஒன்பது வயதுதான். ஆனாலும் அந்தத் தட்டு எதனால் நகர்ந்தது என்று அந்தக் கூடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. அந்த வாரமே தடம் போடும் வேலை வேறொருவர் கைக்குப் போனது.

அதன் பிறகு வாராவாரம் வெள்ளிக்கிழமை தடக்காரர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். உறைந்த மீன் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார். அடுப்படியில் உட்கார்ந்து டீ குடிப்பார்.  கிளம்பும்போது வாப்பாவைப் பார்த்து, "சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். வாப்பா சிரித்துக்கொண்டே கையை விரித்து, "மாஃபி, மாஃபி" என்பார். வாரா வாரம் கேட்டு அந்த வார்த்தை அவருக்கும் பழகிப்போனது.

"சீனிக்காக வாறான். நாலு கரண்டி போடுறான் பாரு" என்றார் வாப்பா.

"அவன் டீக்கு வரலங்க" என்றார் உம்மா. 

இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அவர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, வாராவாரம் எங்களுக்காகக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவருடைய சர்க்கரையை எண்ணிக்கொண்டிருந்தோம்.

வசந்தம் வந்தது. பகல் நீண்டது, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது, ஆறு சாம்பல் நிறமானது. எங்கள் சுவரோரம் பனி இறங்கியது. முதலில் ஒரு முனை தெரிந்தது. வாப்பா பனியை வாரிப் போட்டார். மறுநாள் மூன்று தெரிந்தன. அடுப்புச் சாம்பலைக் கொட்டினார். சாம்பலில் வெயில் பட்டுப் பனி இன்னும் வேகமாக உருகியது. ஒரு வாரத்தில் ஒன்பது அறுபட்ட குச்சிகளும், அடியில் இறுகிய பனிக்கட்டியோடு, வரிசையாக நின்றன. தடக்காரர் பாதுகாப்புக்கு நட்ட அதே ஒன்பது. போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். நின்று பார்த்துவிட்டு நடந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கல்லெறிந்திருந்தால்கூட வாப்பாவுக்குப் பழக்கப்பட்டதாக இருந்திருக்கும். அவர் எஞ்சினியரிடம் போய், வெயில் இல்லாமல் உடம்புக்கு முடியவில்லை, ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டார்.

திரும்பி வந்தபோது கோபாரில் வேம்பு பட்டுப்போயிருந்தது. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்திருந்தோம், அவர்கள் மறந்துவிட்டார்கள். உம்மா அவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டின்னைக் கவிழ்த்து வைத்தார், அப்புறம் எதையும் நடவில்லை. வாப்பா ஊரில் போய் அடங்கும் வரை அந்தக் குளிர்காலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. என் பிள்ளைகளுக்குக்கூட நான் கனடாவைப் பார்த்தது தெரியாது.

கிளம்பிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம்தான் விமானத் தளம். வழியனுப்ப வந்தது தடக்காரர் ஒருவர்தான். அன்றைக்கு அவர் வாப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார். தடம் பார்த்துப் பழகிய அவர் கண் என் சின்ன பூட்ஸுக்குப் போய், மெல்ல என் முகத்துக்கு வந்தது.

"மணல் பெண்ணே" என்றார். அதுவரை தம்பி மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிட்டிருந்தார். "உங்கிட்ட சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

இருந்தது.  வாப்பாவின் கை என் தோளில் இருந்தது. அது அழுத்தக்கூட இல்லை, சும்மாதான் இருந்தது.

"மாஃபி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "மாஃபி" என்று தானும் ஒருமுறை சொல்லிக்கொண்டு எழுந்தார்.

விமானத்தில் ஏறி உட்கார்ந்தோம். எஞ்சின் சூடாகும் வரை பத்து நிமிஷம் நிறுத்திவைத்திருந்தார்கள். என் ஜன்னலிலிருந்து எங்கள் வீட்டு வாசல் தெரிந்தது. தடக்காரர் அங்கே போனார். சுவரோரம் குனிந்து, இளகிய பனியிலிருந்து அந்தக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நான் எண்ணினேன். ஒன்பதையும் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று ஆற்றுக்கு இறங்கும், மற்றது அவர் தாயின் வீட்டுக்குப் போகும். அவர் அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் விமானம் திரும்பிவிட்டது.

அவர் எந்தப் பக்கம் போனார் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். எனக்காக ஆற்றில் எறிந்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது, அவர் அப்படிப்பட்ட ஆள். எறிந்திருக்கக் கூடாது. அந்தத் தாயின் முன்னால் கொண்டுபோய்ப் போட்டு, "அந்த மணல் பெண்தான் செய்தாள்" என்று சொல்லியிருக்க வேண்டும்.